ஒரு புள்ளி செய்யும் குழப்பம்!

பெயர் கண் முன்னே இருக்கிறது; தேடினால் "இல்லை" என்கிறது கம்ப்யூட்டர்!

"ஸ்ரீதேவி" என்று ஒரு பெண். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. போன வருஷம் சிகிச்சைக்கு வந்தபோது எழுதியது. எந்த மருந்து அவள் உடம்புக்கு ஆகாது என்ற குறிப்பும் அதோடு இருக்கிறது.

இந்த வருஷம் மறுபடியும் வருகிறாள். வேறு ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார். பெயரைத் தட்டுகிறார். "தேடு!" என்று உத்தரவு போடுகிறார்.

ஒரு நொடியில் பதில் வருகிறது: "அப்படி ஒரு பெயர் இல்லை."

புதிதாக ஒரு பதிவு போடுகிறார்கள். பழைய குறிப்பு பழைய இடத்திலேயே தூங்குகிறது. ஆகாத மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால்?

இது கற்பனையாகச் சொன்ன உதாரணம்தான். ஆனால் இப்படி நடக்க முடியுமா என்றால், முடியும்!

பெயரில் பிழை இல்லை. தட்டியவர் மீதும் குற்றம் இல்லை. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனாலும் கம்ப்யூட்டர் இரண்டும் வேறு என்று சாதிக்கிறது.

ஏன் இப்படி?

எழுத்து தெரியாத மேதை

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது! ஆச்சரியமாக இருக்கிறதா? ஆனால் அதுதான் உண்மை. அதற்குத் தெரிந்தது எல்லாம் எண் மட்டுமே.

ஆகவே, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். 1963-ம் ஆண்டில் அமெரிக்காவில் "ஆஸ்கி" என்ற முறை வந்தது. அதில் இங்கிலீஷ் பெரிய "ஏ" எழுத்துக்கு எண் 65. 1967-ம் ஆண்டுத் திருத்தத்தில் சின்ன எழுத்துக்களும் சேர்ந்தன. சின்ன "ஏ"க்கு எண் 97.

97-ல் 65 போனால் 32. இங்கிலீஷில் 26 எழுத்துக்கும் இதே கணக்குத்தான். பெரிய எழுத்தின் எண்ணோடு 32-ஐக் கூட்டினால் சின்ன எழுத்து வந்துவிடும். எளிய கணக்கு!

பிறகு உலகத்து மொழிகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்தன. எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே எண் பட்டியல் வேண்டும் என்று "யூனிகோடு" என்ற முறையை வகுத்தார்கள். அதன் முதல் பதிப்பு 1991-ம் ஆண்டில் வெளிவந்தது. அதிலேயே தமிழுக்கும் இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை உள்ள 128 இடங்கள் தமிழின் வீடு. நம்முடைய "க" என்ற எழுத்தின் கதவு எண் 2965.

"இந்தப் பெயரைத் தேடு" என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? எண்களை வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. எண்கள் ஒத்துப் போனால் "இருக்கிறது". ஓர் எண் மாறினாலும் "இல்லை".

மனிதன் அப்படித் தேடுவது இல்லை. அவன் மொழியின் வழக்கத்தைக் கொண்டு தேடுகிறான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தகராறு!

துருக்கியில் பிறந்த தலைவலி

இந்தத் தகராறில் உலகப் புகழ் பெற்றது துருக்கி நாட்டு எழுத்து ஒன்று.

துருக்கி மொழியை முன்பு அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். 1928-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, கெமால் அத்தாதுர்க் ஆட்சியில் ஒரு சட்டம் நிறைவேறியது. அரபு எழுத்து போய், லத்தீன் எழுத்து வந்தது. மொத்தம் 29 எழுத்துக்கள்.

இங்கிலீஷில் "ஐ" என்று ஓர் எழுத்து இருக்கிறது அல்லவா? சின்ன எழுத்தாக எழுதினால் தலையில் புள்ளி உண்டு. பெரிய எழுத்தாக எழுதினால் புள்ளி இல்லை. இது நாம் படித்த பாடம்.

துருக்கியில் அப்படி இல்லை. அங்கே இது இரண்டு தனித்தனி எழுத்து! ஒன்று புள்ளி வைத்தது. இன்னொன்று புள்ளி இல்லாதது. பெரிதாக எழுதினாலும் சிறிதாக எழுதினாலும், புள்ளி உள்ளதற்குப் புள்ளி உண்டு, இல்லாததற்கு இல்லை. உச்சரிப்பும் வேறு. புள்ளி உள்ளது நம்முடைய "இ". புள்ளி இல்லாதது "இ"க்கும் "உ"வுக்கும் நடுவில் ஒலிக்கும்.

ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். "சினிர்" என்று துருக்கியில் ஒரு சொல். புள்ளி வைத்து எழுதினால் அதற்கு நரம்பு என்று அர்த்தம். புள்ளி இல்லாமல் எழுதினால் நாட்டின் எல்லை! நரம்பைத் தேடுகிறவனிடம் எல்லையைக் காட்டினால் ஒப்புக்கொள்வானா?

துருக்கியில் தியார்பக்கிர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஒரே பெயரில் இரண்டு எழுத்துக்களும் வருகின்றன! முதலில் வருவது புள்ளி உள்ளது. கடைசியில் வருவது புள்ளி இல்லாதது. வெளிநாட்டார் இரண்டையும் புள்ளி வைத்தே எழுதுகிறார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு ஊர்கள்!

ஏமாந்த காவல்காரன்

இதனால் பாதுகாப்புக்கே ஆபத்து வரலாம் என்று மைக்ரோசாப்ட் கம்பெனி தன் நூல்களில் எச்சரித்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு கம்ப்யூட்டர் நிரலில் ஒரு காவல்காரன் இருக்கிறான் என்று வையுங்கள். அவனுக்கு ஒரே ஓர் உத்தரவு. "பைல் என்ற இங்கிலீஷ் சொல்லோடு யார் வந்தாலும் உள்ளே விடாதே!"

வருகிறவர் பெரிய எழுத்தில் எழுதி வரலாம். சின்ன எழுத்தில் எழுதியும் வரலாம். ஆகவே காவல்காரன் எல்லாவற்றையும் முதலில் பெரிய எழுத்தாக மாற்றுகிறான். பிறகு ஒப்பிடுகிறான். நல்ல யோசனைதான்!

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் துருக்கி மொழிக்கு அமைத்த கம்ப்யூட்டர். "பைல்" என்ற சொல்லின் இரண்டாவது எழுத்து புள்ளி வைத்த "ஐ". துருக்கி இலக்கணப்படி அதைப் பெரிதாக்கினால் புள்ளியோடுதான் பெரிதாகும். காவல்காரன் கையில் உள்ள சொல்லிலோ புள்ளி இல்லை.

"இது அந்தச் சொல் இல்லை" என்கிறான் காவல்காரன். கதவைத் திறந்து விடுகிறான்!

அமெரிக்காவில் சரியாக வேலை செய்த நிரல், துருக்கிக்குப் போனதும் ஏமாந்துவிட்டது.

இணையதளங்கள் எழுத உதவும் "பி.எச்.பி." என்ற மொழிக்கும் இதே நோய் இருந்தது. துருக்கி அமைப்பில் அந்தப் பெரிய எழுத்து வரும் பெயர்களை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2002-ம் ஆண்டில் புகார் எழுந்தது. 2013-ம் ஆண்டில் வந்த பதிப்பில்தான் தீர்ந்தது. ஒரு புள்ளிக்கு 11 வருஷம்!

அளவோடு குடி; அளவில்லாமல் குடி!

ஜெர்மன் மொழியில் "எஸ்ட்ஸெட்" என்று ஓர் எழுத்து உண்டு. இரண்டு "எஸ்" எழுத்துக்களை ஒட்டியது போன்ற ஒலி அதற்கு. வெகு காலம் அதற்குப் பெரிய எழுத்தே கிடையாது. பெரிய எழுத்தில் எழுத வேண்டுமானால் இரண்டு "எஸ்" போடுவார்கள். 2017-ம் ஆண்டில்தான் அதற்கு ஒரு பெரிய எழுத்தை அதிகாரபூர்வமாக அனுமதித்தார்கள்.

இதனால் என்ன? தெரு என்பதற்கு ஜெர்மன் சொல் "ஸ்ட்ராஸே". சின்ன எழுத்தில் எழுதினால் 6 எழுத்து. பெரிய எழுத்தில் எழுதினால் 7 எழுத்து! சொல் ஒன்றுதான்; எழுத்துக் கணக்கு மாறிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "பீரை மாஸன் ஆகக் குடி" என்று ஜெர்மனியில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி எழுத்தைப் போட்டு எழுதினால், "அளவோடு குடி" என்று அர்த்தம். இரண்டு "எஸ்" போட்டு எழுதினால், "ஏராளமாகக் குடி" என்று அர்த்தம்! பெரிய எழுத்தில் பழைய முறைப்படி எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அது புத்திமதியா, தூண்டுதலா என்று குடிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்!

முதலில் வருவது கடைசியில்

டென்மார்க் நாட்டில் ஆர்ஹூஸ் என்று ஒரு பெரிய நகரம். அதன் பெயர் இரண்டு "ஏ" எழுத்துக்களோடு தொடங்கும். அகரவரிசையில் அதை எங்கே தேடுவீர்கள்? முதல் பக்கத்தில்தானே?

டென்மார்க்கில் கடைசிப் பக்கத்தில் தேட வேண்டும்! இரண்டு "ஏ" சேர்ந்தால் அங்கே அது ஒரு தனி எழுத்தின் ஒலி. அந்த எழுத்து அகரவரிசையின் கடைசியில் நிற்கிறது. 1948-ம் ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார்கள். இரண்டு "ஏ"க்குப் பதிலாக, தலையில் வட்டம் போட்ட ஒரு "ஏ" வந்தது. நகரத்தின் பெயரும் மாறியது. 2011-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி நகரசபை மறுபடியும் பழைய எழுத்துக்கே திரும்பிவிட்டது!

ஆகவே பழைய காகிதம் ஒரு விதம். நடுக்காலத்துக் காகிதம் ஒரு விதம். புதுக் காகிதம் மறுபடியும் பழைய விதம். மூன்றும் ஒரே ஊர் என்று டென்மார்க் ஆளுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

இருக்கிறது, ஆனால் இல்லை!

சரி, எண்ணைப் பார்த்துத் தேடுவதால்தானே வம்பு? மொழியின் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போச்சு!

அப்படித்தான் நினைத்தார்கள். சொல்லியும் கொடுத்தார்கள். அதிலும் ஒரு வம்பு வந்தது.

மைக்ரோசாப்ட் கம்பெனியின் "டாட் நெட்" என்பது நிரல் எழுதுவோருக்கான ஒரு கருவிப்பெட்டி. அதில் தேடுவதற்குப் பல உத்தரவுகள் உண்டு. "இந்தச் சொல் இருக்கிறதா?" என்று கேட்டால், அது எண் பார்த்துத் தேடும். "இந்தச் சொல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், வேறு உத்தரவு இல்லாத போது, மொழி வழக்கம் பார்த்துத் தேடும். கேள்வி கொஞ்சம் மாறினால் வழியே மாறிவிடும்!

தட்டெழுத்து மிஷினைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலை செய்ய வேண்டும். உருளையை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். தாளை ஒரு வரி ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரும் இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டது. முதல் வேலைக்கு எண் 13. இரண்டாவது வேலைக்கு எண் 10. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வரி முடிவில் இரண்டு எண்களும் சேர்ந்தே நிற்கும்.

2020-ம் ஆண்டு நவம்பரில் டாட் நெட் 5 வெளிவந்தது. மொழி வழக்கம் பார்க்கும் வேலையை அதில் புதிய ஓர் ஏற்பாட்டிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏற்பாட்டின்படி 13-ம் 10-ம் சேர்ந்து நின்றால் அது பிரிக்க முடியாத ஜோடி.

என்ன ஆயிற்று? அந்த ஜோடியைக் கொடுத்து, "10 இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இருக்கிறது" என்று பதில் வந்தது. "எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். "இல்லவே இல்லை" என்று பதில் வந்தது!

வருஷக் கணக்காக ஓடிய நிரல்கள் திடீரென்று தடுக்கி விழுந்தன. "எந்த முறையில் தேட வேண்டும் என்பதை நிரல் எழுதுகிறவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது" என்பது மைக்ரோசாப்ட் கம்பெனி சொல்லும் யோசனை.

நம் வீட்டுச் சங்கதி

துருக்கியும் ஜெர்மனியும் இருக்கட்டும். நம் தமிழுக்கு வருவோம்.

ஸ்ரீதேவிக்கு என்ன நேர்ந்தது? தொடக்கத்தில் "ஸ்ரீ" என்ற எழுத்தை, "ஸ்" என்ற எழுத்தையும் "ரீ" என்ற எழுத்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் எழுதினார்கள். அந்த "ஸ" எழுத்தின் எண் 3000. 2005-ம் ஆண்டில் யூனிகோடில் தமிழுக்கு இன்னொரு கிரந்த எழுத்து சேர்ந்தது. அதன் எண் 2998. இந்தப் புதிய எழுத்தோடு "ரீ" சேர்த்தாலும் திரையில் அதே "ஸ்ரீ" வருகிறது!

ஒருவர் பழைய வழியில் தட்டுகிறார். ஒருவர் புதிய வழியில் தட்டுகிறார். படம் ஒன்று, எண் இரண்டு. அதனால்தான் "இல்லை" என்ற பதில்.

ஔவையாரும் இந்த வம்பில் மாட்டிக்கொண்டார்! "ஔ" என்பது ஒரே எழுத்து. அதன் எண் 2964. ஆனால் சிலர் "ஒ" தட்டி, பக்கத்தில் "ள" தட்டிவிடுகிறார்கள். எண்கள் 2962, 2995. பார்த்தால் ஔவையார் போலத்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கோ அது "ஒளவையார்"! கௌரி, சௌந்தரம், மௌனம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

"கொடி" என்ற சொல்லைப் பாருங்கள். "கொ" எழுத இரண்டு வழி உண்டு. "க"வும் முழு ஒகரக் குறியும் என்று இரண்டு எண்ணாக எழுதலாம். அல்லது, "க", கொம்பு, கால் என்று மூன்று எண்ணாகவும் எழுதலாம். இங்கே யூனிகோடு விதி நமக்குத் துணை நிற்கிறது. "இரண்டும் சமம்" என்று சொல்லுகிறது. விதி அறிந்த நிரல் கண்டுபிடித்துவிடும். எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் கோட்டை விட்டுவிடும். "ஸ்ரீ"க்கும் "ஔ"வுக்கும் விதியின் துணையும் கிடையாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், அவை வேறு வேறு என்பதே விதி.

தலைகீழாகவும் ஒரு தப்பு நடக்கும். இல்லாததை "இருக்கிறது" என்று சொல்லும்!

"பல" என்ற சொல்லைத் தேடுங்கள். "பலா" என்ற சொல்லில் கொண்டு போய் நிறுத்தும். "கல" என்று தேடுங்கள். "கல்" என்ற சொல்லைக் காட்டும். "ல" வேறு, "லா" வேறு, "ல்" வேறு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் யூனிகோடில் "லா" என்பது "ல"வும் காலும். "ல்" என்பது "ல"வும் புள்ளியும். ஆகவே இரண்டுக்குள்ளும் "ல" ஒளிந்திருக்கிறது! "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நாம் மூன்று என்போம். எண்ணை மட்டும் எண்ணுகிற கம்ப்யூட்டர் ஐந்து என்று சொல்லும்.

அகரவரிசையிலும் இந்தக் குழப்பம் உண்டு. நம் வரிசையில் "ற", "ன" இரண்டும் கடைசி மெய்கள். யூனிகோடு எண்ணிலோ "ன" என்பது "ப"வுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது! எண் வரிசைப்படி அகராதி அச்சிட்டால் தமிழ் வாத்தியார் சும்மா விடுவாரா?

புள்ளித் தொல்லை நமக்குப் புதிது அல்ல. ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம். வைத்தால் ஓலை கிழியும் என்ற பயம். படிக்கிறவர்தான் இடம் பார்த்து, பொருள் பார்த்து, எங்கே புள்ளி என்று கண்டுகொள்ள வேண்டும். அந்த அறிவு மனிதனுக்கு இருந்தது. கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

எங்கே எந்த முறை?

அப்படியானால் எந்த முறை நல்லது? இரண்டும் வேண்டும் என்பதே பதில்.

பூட்டு, சாவி, ரகசியச் சொல், பைல் பெயர் போன்றவற்றுக்கு எண் முறைதான் சரி. அங்கே அணுவளவும் பிசகக் கூடாது. துருக்கியானாலும் தூத்துக்குடியானாலும் பூட்டு ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும்.

மனிதரின் பெயர், ஊர், நூல், அகரவரிசை ஆகியவற்றுக்கு மொழி முறைதான் சரி. அங்கே அந்தந்த நாட்டு வழக்கம் தெரிய வேண்டும்.

பூட்டுக்கு மொழி முறையைப் போட்டால் திருடன் நுழைவான். பெயருக்கு எண் முறையைப் போட்டால் வீட்டுக்காரனே வெளியில் நிற்பான்!

நாம் செய்யக் கூடியது

நிரல் எழுதுவது நம் வேலை அல்ல. ஆனாலும் நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

1. "ஔ" தட்ட வேண்டிய இடத்தில் "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தைத் தட்டாதீர்கள். "கௌ", "மௌ" எழுத்துக்களும் அப்படியே.

2. பெயரைத் தேடி "இல்லை" என்று வந்தால், அதோடு விடாதீர்கள். பெயரின் ஒரு பகுதியை மட்டும் தட்டித் தேடச் சொல்லுங்கள். "ஸ்ரீதேவி" கிடைக்காவிட்டால் "தேவி" கிடைப்பாள்!

3. பெயரோடு பிறந்த தேதியையோ, பழைய சீட்டின் எண்ணையோ கொடுங்கள். எண்ணைத் தேடுவதில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன்.

4. சர்க்கார் காகிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ், பாங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதி வையுங்கள்.

"இல்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால், அந்த எண்கள் இல்லை என்றுதான் அர்த்தம். அந்த மனிதர் இல்லை என்று அர்த்தம் அல்ல. இதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் தெரிந்துகொண்டால், பல பேருடைய அலைச்சல் மிச்சமாகும்.